ஏட்டில் ஏறியதெல்லாம் உண்மையா?

உலகெங்கும் வைத்தியசாலைகளிற் காகித ஏடு விடைபெற்று, அதன் இடத்திற் கணினி வந்து அமர்ந்துவிட்டது. நமது நாட்டிலும் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளரின் பெயரும் நோயும் மருந்தும் இலத்திரனியற் பதிவேட்டில் ஏறத் தொடங்கிவிட்டன. நோயாளர் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் வழங்கி, ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்திற் படிக்கச் செய்யும் முயற்சியும் நடைபெற்று வருகின்றது. இதனை நாம் எதிர்க்கவில்லை; மனமுவந்து வரவேற்கின்றோம். கிழிந்த கிளினிக் கொப்பியைப் பையிற் சுற்றிக்கொண்டு, கிராமத்து வைத்தியசாலையிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து போதனா வைத்தியசாலைக்கும் அலையும் கமக்காரனுக்கு இது பெரும் ஆறுதலாகும். ஆயினும், கேட்டுத் தெளியவேண்டிய கேள்வியொன்று உண்டு. அப்பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது உண்மைதானா? உண்மையென்று சோதித்தவர் யார்? சோதித்த முறை யாது?

இக்கேள்வி வைத்தியருக்கும் கணினி வல்லுநருக்கும் மட்டுமே உரியதென்று எவரும் எண்ணற்க. காணியுடைய ஒவ்வொருவரும் இதன் பொருளை அறிவர். நமது ஆவணப் பதிவுச் சட்டம், 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஒரு தெளிவான நெறியை வகுத்திருக்கின்றது. குறையுள்ள உறுதியைக் காணிக் கந்தோரிற் பதிவதனால் அவ்வுறுதியின் குறை நீங்கிவிடுவதில்லை. எல்லை பிழைத்த உறுதி, பதிந்த பின்னரும் எல்லை பிழைத்த உறுதியே. பதிவு என்பது ஒரு தாள் இன்ன நாளில் வந்தது என்பதற்குச் சான்று. அத்தாள் கூறுவது மெய் என்பதற்குச் சான்றன்று. இந்நெறியை அறியாது காணி வாங்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியதை நாம் கண்டிருக்கின்றோம். காணிப் பதிவிற் பிழை வந்தால் வழக்கு வரும். நோயாளர் பதிவிற் பிழை வந்தால் உயிரே போகும்.

ஆனால் இலத்திரனியற் பதிவுக்குச் சட்டம் காட்டும் மரியாதையோ வேறு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் ஆவணத்திலுள்ள தகவலை, மாறாக எண்பிக்கப்படும் வரை, உண்மையென நீதிமன்றம் ஊகிக்கவேண்டும் என்கின்றது. வணிகத்துக்கு இவ்வூகம் வசதியாகலாம். அதே ஊகம் வைத்தியசாலைப் பதிவேட்டின்மேற் படியும்போது நிலைமை யாது? “எனக்கு அந்த மருந்து ஒவ்வாது என்று சொன்னேன்” என்று நோயாளர் கூறுவார். “அவ்வாறு எதுவும் பதியப்படவில்லை” என்று கணினி கூறும். எண்பிக்கும் பாரம் நோயாளரின் தலையில் விழும். ஆகவே பதிவேட்டின் தரத்தை அளந்தறிவது நிர்வாகிகளின் அலுவலக வேலை மட்டுமன்று. குடிமக்களின் உரிமைப் பிரச்சினையுமாகும்.

பதிவேட்டின் தரத்தை அளப்பது எவ்வாறு? இதற்கு உலகில் முறைகள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோல் வைஸ்கோப், சுன்ஹுவா வெங் ஆகிய இருவரும் 95 ஆய்வுக் கட்டுரைகளைத் துருவிப் பார்த்து, 2013இல் ஐந்து அளவுகோல்களைத் தொகுத்துக் கூறினர். அவற்றை நமது மொழியில் இவ்வாறு சொல்லலாம். முதலாவது, நிறைவு: இருக்கவேண்டியது இருக்கின்றதா? இரண்டாவது, சரி: இருப்பது மெய்யா? மூன்றாவது, இணக்கம்: ஓரிடத்தில் எழுதியதும் மற்றோரிடத்தில் எழுதியதும் ஒத்திருக்கின்றனவா? நான்காவது, நம்பத்தகைமை: உலக வழக்கில் அது நடக்கக்கூடியதா? ஐந்தாவது, காலப்பொருத்தம்: நிகழ்ந்த நேரத்தை ஒட்டிப் பதியப்பட்டதா, பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்டதா?

நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணையைப் பார்த்தவர்களுக்கு இவை புதியன அல்ல. சாட்சியை நாம் கேட்கும் கேள்விகளும் இவையே. முழுவதையும் சொன்னாயா? கண்டதைச் சொன்னாயா? முன்னர் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்திருக்கின்றனவா? நடக்கக்கூடியதைச் சொல்கின்றாயா? எப்போது எழுதி வைத்தாய்? மனிதச் சாட்சியைக் கூண்டிலேற்றி இத்தனையும் கேட்கும் நாம், கணினியைக் கண்டவுடன் கைகூப்பி நிற்பது என்ன நியாயம்?

இவற்றுள் நிறைவு என்பதே மிகவும் ஏமாற்றுவது. ஒவ்வாமை என்ற கட்டம் வெறுமையாயிருக்கின்றது எனக் கொள்வோம். ஒவ்வாமை இல்லையென்பதா அதன் பொருள்? கேட்கவேயில்லை என்பதா? கேட்டும் எழுத நேரமில்லை என்பதா? மூன்றுக்கும் கணினித்திரையில் ஒரே வெறுமைதான். “இல்லை” என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றென்று கருதும் பதிவேடு மௌனத்தைச் சாட்சியமாக்குகின்றது. இணக்கமின்மை எளிதிற் பிடிபடும்: நீரிழிவு மருந்து மாதாமாதம் கொடுபடுகின்றது, நோய்ப்பட்டியலிலோ நீரிழிவு இல்லை. நம்பத்தகாமையும் அவ்வாறே: இறந்த திகதிக்குப் பின்னர் கிளினிக்குக்கு வந்தவர், பிறப்பதற்கு முன்னர் தடுப்பூசி பெற்றவர். இவற்றைக் கணினியே கண்டுபிடித்துச் சொல்லும்படி செய்யலாம். ஆனால் சரியா என்பதை அறியக் கணினி போதாது. மூலத்தோடு ஒப்பிடவேண்டும், சில பதிவுகளை எடுத்து நோயாளரிடமே சென்று கேட்கவேண்டும். அந்த உழைப்புக்கு மாற்று வழியில்லை.

கணினி பிழையைக் குறைக்கும் என்பது உண்மை. பிழையைப் பெருக்கும் என்பதும் உண்மை. கையால் எழுதும் வைத்தியர் நேற்றைய குறிப்பை இன்று மறுபடி எழுதச் சோம்புவார். கணினியிலோ ஒரு விசையை அழுத்தினால் நேற்றைய குறிப்பு முழுவதும் இன்றைய குறிப்பாகிவிடும். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 23,630 குறிப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இது: அவற்றின் வாசகத்தில் 18 சதவீதம் மட்டுமே புதிதாக எழுதப்பட்டது, 46 சதவீதம் பழையதிலிருந்து படியெடுக்கப்பட்டது, எஞ்சியது வேறிடங்களிலிருந்து தானாக வந்து சேர்ந்தது. படியெடுத்தது எல்லாம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை புகுந்த பொய், நூறுமுறை படியெடுக்கப்பட்டபின் நூறு சாட்சிகளைப்போல் நிற்கும் என்பதை மறவாதிருப்போமாக.

பதிவு சரியாயிருந்தும் வழியிற் காணாமற் போவதும் உண்டு. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை கொரோனாத் தொற்றுக் கண்டவர்களுள் 15,841 பேர் அரசாங்கத்தின் நாளாந்தக் கணக்கில் ஏறாமற் போயினர். பரிசோதனைக்கூடம் பிழைவிடவில்லை, வைத்தியரும் பிழைவிடவில்லை. தரவை ஏற்றிய கோப்பு எக்செல் நிரலின் பழைய வகையைச் சேர்ந்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மேலதிகமாக வந்தவை சத்தமின்றி உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அத்தனை நாள் தாமதமாயிற்று. செல்வமும் கல்வியும் மிக்க ஒரு நாட்டில், அவ்வளவு நெருக்கடியான வேளையில், வந்த எண்ணிக்கையையும் ஏறிய எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சாதாரணக் கணக்குப்பிள்ளையின் வேலை நடைபெறவில்லை.

இந்தியாவின் கணக்காய்வுத் தலைவர் 2023இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு படிப்பினை. ஏழைகளுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்திற் பதிவு பெற்றவர்களுள் ஏறத்தாழ 7 இலட்சத்து 50 ஆயிரம் பேருக்கு ஒரே கைத்தொலைபேசி இலக்கம். அதுவும் பத்து ஒன்பதுகள்! முன்னர் இறந்துவிட்டதாகக் காட்டப்பட்டவர்களின் பெயரிலும் புதிய சிகிச்சைக்குப் பணம் கோரப்பட்டிருந்ததையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. கட்டத்தை நிரப்பாவிட்டால் கணினி மேலே செல்லவிடாது. எனவே எழுதுபவர் எதையாவது நிரப்புகின்றார். கட்டம் நிரம்பிவிட்டது, நிறைவு என்னும் சோதனையில் அப்பதிவேடு தேறிவிட்டது, உண்மையோ வெளியே நிற்கின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நமது முன்னோர் சொன்னது இதனைத்தான்.

இவற்றிலும் பெரிய எடுத்துக்காட்டு, உலகத்தையே சில நாள் ஏமாற்றிய சேர்ஜிஸ்பியர் விவகாரம். 2020ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி, புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆறு கண்டங்களில் 671 வைத்தியசாலைகளின் இலத்திரனியற் பதிவேடுகளிலிருந்து 96,032 நோயாளரின் விபரங்களைத் திரட்டியதாகக் கூறிய அக்கட்டுரை, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து கொரோனா நோயாளரிடையே மரணத்தைக் கூட்டுகின்றது என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துபற்றிய தனது பரிசோதனையை இடைநிறுத்தியது. ஆனால் படித்தவர்கள் கணக்குப் பார்த்தனர். அவுஸ்திரேலியாவில் ஐந்து வைத்தியசாலைகளில் ஏப்ரில் 21 வரை 73 பேர் இறந்ததாக அத்தரவு கூறிற்று. அத்திகதி வரை அந்த நாடு முழுவதிலுமே பதியப்பட்ட மரணங்கள் 67. பகுதி முழுமையினும் பெரிதாயிருந்தது! மூலத்தரவைக் காட்டுமாறு கேட்டபோது சேர்ஜிஸ்பியர் நிறுவனம் காட்டவில்லை. யூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவைக்கொண்டு இன்னொரு பெரிய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் அதே நாளில் மீளப்பெறப்பட்டது.

அம்மருந்து கொரோனாவுக்குப் பயன்படாது என்பது பின்னர் முறையான பரிசோதனைகளால் நிறுவப்பட்டது. “அப்படியானால் முடிவு சரிதானே” என்று சிலர் கேட்கக்கூடும். குற்றவாளி உண்மையிற் குற்றவாளியாகவே இருந்தாலும், பொய்ச் சாட்சியால் அவனைத் தண்டிப்பது நீதியாகாது. மூலத்தைக் காட்ட மறுக்கும் தரவு சாட்சியமன்று. வெறும் செவிவழிச் செய்தி.

பதிவேட்டை மாற்றுபவர் வைத்தியரே ஆனால்? இங்கிலாந்தின் ஹரல்ட் சிப்மன் என்ற வைத்தியர், தம்மை நம்பிய நோயாளர் 15 பேரைக் கொன்ற குற்றத்துக்காக 2000ஆம் ஆண்டு சனவரி 31ஆம் திகதி தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, அவரால் மாண்டோர் 215 பேர் என்று கண்டது. நோயாளர் இறந்தபின், அவருக்கு முன்பே நோய் இருந்தது போலப் பழைய திகதியிட்டுக் கணினியிற் குறிப்பெழுதுவது அவர் கையாண்ட தந்திரங்களுள் ஒன்று. ஆனால் ஒவ்வொரு குறிப்பும் உண்மையில் எந்நேரத்தில் எழுதப்பட்டது என்பதைக் கணினி தன்னுள் மறைவாகப் பதிந்து வைத்திருந்தது. அதுவே அவருக்கெதிரான சான்றுகளுள் ஒன்றாயிற்று. எழுதியவர் யார், எழுதியது எப்போது, மாற்றியது எதனை என்னும் அழிக்கமுடியாத தடம் இல்லாத பதிவேடு, குற்றவாளிக்கு நண்பன். நேர்மையான வைத்தியருக்கும் அது பாதுகாப்பாகாது.

பிழையும் பொய்யும் இல்லாதவிடத்தும் எச்சரிக்கை வேண்டும். பொஸ்டன் நகரின் இரு வைத்தியசாலைகளில் 6 இலட்சத்து 69 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று வியப்பான செய்தியைக் கூறிற்று. ஆராய்ந்த 272 வகைச் சோதனைகளுள் 233இல், சோதனையின் முடிவு எதுவாயினும், அச்சோதனை கேட்கப்பட்டது என்பதே நோயாளர் பிழைப்பாரா என்பதோடு தொடர்புற்றிருந்தது. காரணம் எளிது. வைத்தியர் ஐயுற்றாலன்றிச் சோதனை கேட்பதில்லை. ஆகவே பதிவேடு உடலை மட்டும் காட்டும் கண்ணாடியன்று. வைத்தியசாலையின் பழக்கவழக்கத்தையும் காட்டும் கண்ணாடி. சோதனை வசதியில்லாத கிராமத்து வைத்தியசாலையின் பதிவேட்டில் நோய் குறைவாகத் தோன்றும். நோய் குறைவென்று அதனைப் படித்து, இருக்கும் பணத்தையும் நகரத்துக்கு அனுப்பிவிட்டால், இல்லாதவனிடமிருந்து பறித்து இருப்பவனுக்குக் கொடுத்ததாகும்.

இனி நமது நிலைமைக்கு வருவோம். தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயரே முன்னெழுத்தாய் நிற்கும். குடும்பப்பெயரைக் கேட்கும் கணினியில் ஓர் இலிகிதர் தந்தையின் பெயரை முன்னே இடுவார். மற்றவர் பின்னே இடுவார். சண்முகம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம் உண்டோ, அத்தனை நோயாளர் தோன்றுவர். ஒருவர் இருவராவது ஒரு பிழை. ஒரே பெயருடைய இருவர் ஒருவராவது அதனிலும் கொடிய பிழை. முன்னதில் மருந்து விபரம் சிதறும். பின்னதில் ஒருவரின் மருந்து மற்றவரின் உடலிற் புகும். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின்னர் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்கு மாகாணங்களில் அரசாங்கப் பதிவேடுகளைப் பேணும் மொழி தமிழ் என்கின்றது. நோயாளரின் பெயரைத் தமிழிற் பதிய இடமில்லாத கணினி எதுவாயினும், அது சட்டத்துக்கும் புறம்பு, தரத்துக்கும் புறம்பு. மொழியுரிமையை உணர்ச்சிப் பேச்சென்று தள்ளுவோருக்கு நாம் கூறுவது இது: இவ்விடத்தில் மொழியுரிமை என்பது சரியான மருந்து சரியான ஆளுக்குச் சேரும் உரிமை.

கமக்காரருக்கு இதனிலும் நெருங்கிய காரணமொன்று உண்டு. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் நெற்செய்கையாளரைப் பெருமளவிற் பீடித்து, வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளையும் தொட்ட, காரணமறியாச் சிறுநீரக நோயை யாவரும் அறிவர். அந்நோயை வைத்தியர் இனங்காண்பது எவ்வாறு? நீரிழிவு இல்லை, நீண்டகால உயர் இரத்த அழுத்தம் இல்லை, வேறு அறிந்த காரணமும் இல்லை என்று ஒவ்வொன்றாய் விலக்கிய பின்னரே. அதாவது, இல்லாமையே இந்நோயின் இலக்கணம். பதிவேட்டில் வெறுமையான கட்டத்தை “இல்லை” என்று படித்தால், நீரிழிவால் வந்த நோயும் காரணமறியா நோயாகிவிடும், எண்ணிக்கை வீங்கும். மறுபுறம், நாட்டின் நோய்க்கணக்கு நெடுங்காலமாக அரசாங்க வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் விபரத்திலேயே தங்கியிருந்தது. கிளினிக்குக்கு மட்டும் வந்து போனவர் அதில் இல்லை, எண்ணிக்கை சுருங்கும். நோயாளரின் தொழில், ஊர், குடிக்கும் நீர் எங்கிருந்து என்பன எழுதப்படாவிடின் காரணம் தேடுவது இருட்டறையில் ஊசி தேடுவதாகும்.

தெளிவற்ற தரவின்மேல் அரசியல் எழும்பியதை நாம் கண்டோம். 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவிற் போல நிறுத்தப்பட்டபோதும் சிறுநீரக நோய் ஒரு நியாயமாக எடுத்துக் கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டது. இடையில் விளைச்சலிழந்தவன் கமக்காரன். இரசாயனங்கள் தீங்கற்றவை என்று நாம் வாதிடவில்லை. நோயும் உண்மை, துன்பமும் உண்மை. அதனாற்றான், காரணத்தை ஐயமறக் காட்டக்கூடிய பதிவு வேண்டுமென்கின்றோம். நல்ல பதிவு இருந்தால், தீங்கு செய்யும் பொருள் தப்பாது; தீங்கு செய்யாத பொருளுக்காகக் கமக்காரனும் தண்டனை பெறான்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, எந்தப் பதிவேட்டையும் கொள்கை வகுக்கவோ ஆராய்ச்சி செய்யவோ பயன்படுத்துமுன், அதன் நிறைவையும் இணக்கத்தையும் நம்பத்தகைமையையும் சோதித்து, சில பதிவுகளையேனும் மூலத்தோடு ஒப்பிட்டு, முடிவை மக்களறிய வெளியிடவேண்டும். இரண்டாவது, “இல்லை”, “கேட்கவில்லை”, “தெரியவில்லை” என்னும் மூன்றையும் வேறுவேறாகப் பதிய இடமிருக்கவேண்டும். மூன்றாவது, எந்த மாற்றமும் தடமின்றி நிகழக்கூடாது. நான்காவது, நோயாளரின் பெயர் அவர் எழுதும் மொழியிலும், தொழிலும் ஊரும் ஒழுங்காகவும் பதியப்படவேண்டும். ஐந்தாவது, நோயாளர் தமது பதிவைப் படிக்கவும், பிழையைத் திருத்துமாறு கேட்கவும் இலகுவான வழி வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுரிமையை ஏட்டளவில் ஏற்றது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. உரிமையைப் பின்போட்டுக் கணினியை முன்போடுவது முறையாகாது.

ஆறாவதாக ஒன்று கூறவேண்டும். நூறு நோயாளர் வரிசையில் நிற்க, ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் வைத்தியரையும், ஓய்வின்றி உழைக்கும் தாதியையும் பார்த்து, “பதிவைச் சரியாக எழுதவில்லை” என்று பழிப்பது எளிது. பதிவு ஒரு வேலை. அவ்வேலைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும். கணினி வாங்கப் பணம் ஒதுக்கி, எழுதுவோருக்கு ஒதுக்காத வரவு செலவுத் திட்டம் பொய்யை விலைகொடுத்து வாங்கும் திட்டமாகும்.

வாசகர்களே, வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களுமாகிய உங்களுக்கும், மண்ணோடு மல்லாடும் கமக்காரராகிய உங்களுக்கும் இதிற் பங்குண்டு. உறுதியை முடிக்குமுன் எல்லையை வாசித்துக் காட்டுமாறு நொத்தாரிசைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாறே, கிளினிக்கை விட்டு வெளியேறுமுன், “என் பெயரில் என்ன எழுதினீர்கள்? வாசித்துக் காட்டுங்கள்” என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். வைத்தியர் எழுதியது தவறென்றால் அங்கேயே சொல்லுங்கள். ஏட்டில் ஏறுவதெல்லாம் உண்மையாகிவிடாது. உண்மையை ஏட்டில் ஏற்றுவது அரசாங்கத்தின் கடமை. ஏறியதா என்று பார்ப்பது நமது கடமை.